பார்த்ததும் கண்டதும்



விடுமுறையில் வெளியூர் சென்று திரும்பியவரிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதே அது. அவரும் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். கோயில் இத்தனை, அருவி ஒன்று, அணைக்கட்டு ஒன்று, கடற்கரை ஒன்று. பட்டியல் நீண்டால் பயணம் நன்கு அமைந்தது என்று நாமும் மகிழ்வோம். "அந்த அருவி எப்படி இருந்தது?" என்று மேலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நன்றாக இருந்தது" என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். பார்த்தவை பல, கண்டவை சில. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன நான், ஓய்வு பெற்ற பின்னர் ஒரு கூட்ட நெரிசலில் நின்றபோதுதான் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் மகள் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில் குடியிருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதக் கடைசியில் அங்குச் சென்றிருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறை. என் பேரனுக்கு அப்போது வயது பதின்மூன்று. ஒருநாள் காலை அவனும் நானும் ரயிலேறி நியூயார்க் நகரத்துக்குப் போனோம். ஐம்பத்து மூன்றாம் தெருவில் இருக்கும் நவீனக் கலை அருங்காட்சியகத்தைக் காண்பது எங்கள் திட்டம். நாங்கள் போன வேளையில் வாயிலுக்கு வெளியே நீண்ட வரிசை நின்றது. குளிர் எலும்பைத் துளைத்தது. உள்ளே நுழைந்தால் நுழைவுச் சீட்டுக்கு ஒரு வரிசை. கனத்த மேலங்கிகளை ஒப்படைக்க இன்னொரு வரிசை. நகரும் படிக்கட்டில் ஏற மற்றொன்று. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் நிற்பது போலிருந்தது. ஆனால் இங்கே எவரும் எவரையும் தெரிந்தவர் அல்லர். பத்து மொழிகள் காதில் விழுந்தன. தமிழும் ஒருமுறை விழுந்தது.

இவ்வளவு கூட்டம் கூடும் இடம் எப்படித் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1929-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து பத்து நாட்கள்கூட ஆகவில்லை. அத்தகைய நேரத்தில் புதிய ஓவியங்களுக்கென ஓர் இல்லம் வேண்டும் என்று முயன்றவர்கள் மூன்று பெண்மணிகள்: லில்லி பிளிஸ், மேரி க்வின் சல்லிவன், ஆபி ஆல்ட்ரிச் ராக்பெல்லர். முதல் இயக்குநராக அமர்ந்த ஆல்ஃபிரட் பார் என்பவருக்கு அப்போது இருபத்தேழு வயதுதான். வாடகை அறைகளில் தொடங்கிய நிறுவனம் 1939-இல் ஐம்பத்து மூன்றாம் தெருவில் சொந்தக் கட்டடம் எழுப்பிக்கொண்டது. அக்காலத்தில் பலர் எள்ளி நகையாடிய ஓவியங்களைக் காண இன்று ஆண்டுதோறும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர்.

நாங்கள் நேரே ஐந்தாம் தளத்துக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வரையப்பட்ட ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஓர் அறையின் சுவர்ப்பக்கம் அறுபது எழுபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோர் கைகளும் உயர்ந்திருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி. நடுவில் என்ன இருக்கிறது என்பது எனக்கு முதலில் தெரியவே இல்லை. சிறுகச் சிறுக முன்னேறினோம். அங்கே இருந்தது வின்சென்ட் வான் கோ 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வரைந்த "விண்மீன் இரவு" என்னும் ஓவியம். அதன் அகலம் 92 சென்டிமீட்டர். உயரம் 74 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் வீட்டு ஜன்னல் ஒன்றைவிடப் பெரிதன்று. பேரன் கையை உயர்த்திப் படமெடுத்தான். நான் கண்ணாடியைச் சரிசெய்து நோக்கினேன். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அரை நிமிடத்தில் இருவரும் வெளியே தள்ளப்பட்டோம். "பார்த்தாயிற்று தாத்தா, அடுத்த அறைக்குப் போகலாம்" என்றான்.

ஆசிரியராக இருந்தவனுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் எளிதில் போகாது. "போகலாம் ராஜா. அந்தப் படத்தில் ஓங்கி நிற்கும் மரம் எந்தப் பக்கம் இருந்தது, சொல்" என்றேன். அவன் கைப்பேசியை எடுக்கப் போனான். "அதைப் பார்க்காமல் சொல்" என்றேன். சிறிது யோசித்து, "வலப்பக்கம்" என்றான். தவறு; இடப்பக்கம். பேரன் விடுவானா? "நீங்கள் சொல்லுங்கள் தாத்தா. நிலா முழு நிலவா, பிறை நிலவா?" என்று திருப்பிக் கேட்டான். "முழு நிலவு" என்று உறுதியாகச் சொன்னேன். கைப்பேசியை எடுத்துக் காட்டினான். பிறை! மஞ்சள் ஒளி வட்டத்தின் நடுவே தெளிவாகப் பிறை நிலா இருந்தது. எட்டாயிரம் மைல்களுக்கு மேல் பறந்து வந்து, கடுங்குளிரில் வரிசையில் நின்று, உலகப் புகழ் வாய்ந்த ஓவியத்துக்கு முன்னால் நின்றும், பிறையை முழு நிலவு என்று சொன்னேன். தேர்வில் இருவருமே தோற்றோம்.

இது எங்கள் இருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே நியூயார்க் நகரத்தில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் என்ற மற்றொரு பெரிய கலைக்கூடம் உள்ளது. அங்கே வருவோர் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கின்றனர் என்பதைக் கடிகாரம் கொண்டு அளந்து, அதன் முடிவை 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சராசரி 27 வினாடிகள். அதிலும் பாதிப் பார்வைகள் 17 வினாடிகளுக்குள் முடிந்துவிட்டனவாம். அளக்கப்பட்டவை சாமானியமான ஓவியங்கள் அல்ல, பெரும்புகழ் பெற்றவை. ஒருவர் ஆண்டுக்கணக்கில் சிந்தித்துத் தீட்டியதற்கு நாம் கொடுக்கும் நேரம், ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கும் நேரம்.

நாங்கள் திரும்பவும் அந்த அறைக்குப் போனோம். இம்முறை அவசரப்படவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் சுவரருகே ஒதுங்கி நின்றோம். கூட்டத்துக்கும் ஓர் இயல்பு உண்டு. அது கடலலை போல வரும், பின் வடியும். ஒரு குழு படமெடுத்துவிட்டு நகரும். அடுத்த குழு வருமுன் ஓர் இடைவெளி கிடைக்கும். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். இடைவெளி கிடைத்தது. முன்னே சென்று நின்றோம்.

அப்போது கண்டவற்றைச் சொல்கிறேன். இடப்பக்கம் கரும்பச்சை நிறத்தில் ஒரு சைப்ரஸ் மரம், தீக்கொழுந்து போல் நெளிந்து வானின் உச்சியைத் தொடுகிறது. தெற்கு ஐரோப்பாவில் இம்மரத்தை இடுகாடுகளில் நடுவது வழக்கம். வலப்பக்கம் நீல மலைகள் சரிந்து இறங்குகின்றன. அடிவாரத்தில் ஒரு சிற்றூர். சில ஜன்னல்களில் விளக்கொளி. நடுவே தேவாலயத்தின் கூரிய கோபுரம். வானத்தில் பதினொரு விண்மீன்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒளி வளையம். வானத்தின் நடுவில் ஆற்றுச் சுழல் போல ஒரு பெருஞ்சுழி. ஊர் உறங்குகிறது, வானம் உறங்கவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஈரச் சாந்தில் விரலால் இழுத்தது போல வண்ணம் தடிப்புத் தடிப்பாக நிற்கிறது. அந்தக் கை எந்தத் திசையில் ஓடிற்று, எங்கே நின்றது என்பதை நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நம்மால் பின்தொடர முடிகிறது. கைப்பேசிப் படத்தில் இது வராது.

வான் கோ இதை வரைந்தபோது பிரான்ஸ் நாட்டில், சான் ரெமி என்னும் ஊரில் உள்ள மனநோய் மருத்துவ இல்லம் ஒன்றில் தங்கியிருந்தார். அவரே விரும்பிப் போய்ச் சேர்ந்த இடம் அது. அவரது அறையின் ஜன்னல் கிழக்கு நோக்கியது. விடியுமுன் அதன் வழியே அவர் கண்ட வானம் இந்தப் படத்துக்கு மூலம். ஆனால் அந்தச் சிற்றூர் அந்த ஜன்னலிலிருந்து தெரியாது. கோபுரமோ அவர் பிறந்த ஹாலந்து நாட்டுத் தேவாலயங்களை நினைவூட்டுவது என்பர். அதாவது, கண்ணால் கண்டதும் நெஞ்சால் நினைத்ததும் ஒரே துணியில் சேர்ந்திருக்கின்றன. அடுத்த ஆண்டு ஜூலையில், முப்பத்தேழாம் வயதில் அவர் மறைந்தார்.

"வானம் இப்படிச் சுழலுமா தாத்தா?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. நவீன ஓவியத்தைக் காணும் எவருக்கும் எழும் கேள்வி. இதற்கு விடை காணச் சற்று வரலாறு தெரிய வேண்டும்.

பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய ஓவியருக்கு ஒரு கடமை இருந்தது. உள்ளதை உள்ளவாறு தீட்டிக் காட்டுவது; அரசரின் முகம், போர்க்களம், பிரபுவின் தோட்டம் ஆகியவற்றைப் பார்த்தது போலவே வரைந்து வைப்பது. 1839-ஆம் ஆண்டில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை பாரிஸில் உலகறிய வெளியிடப்பட்டது. அதுமுதல், உருவத்தை அப்படியே பதிக்கும் வேலையைக் கருவி ஒன்று செய்யத் தொடங்கிற்று. இரண்டாண்டு கழித்து, 1841-இல், பிதுக்கி எடுக்கும் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்கு ஜான் ராண்டு என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஓவியர் வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் எளிதில் போக முடிந்தது. வெளியே வந்தவுடன் ஒளி நொடிக்கு நொடி மாறுவதைக் கண்டார்கள். "பொருளை வரைவதா, அதன்மேல் விழும் ஒளியை வரைவதா?" என்ற ஐயம் பிறந்தது. 1874-இல் மொனே முதலிய ஓவியர்கள் பாரிஸில் தனிக் கண்காட்சி நடத்தியபோது பத்திரிகைக்காரர் ஒருவர் கேலியாக வைத்த பெயரே இம்ப்ரெஷனிசம் என்று நிலைத்துவிட்டது. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் இன்னும் ஓரடி முன்னே வைத்தார்கள். "கண்ணுக்குத் தெரிவதை மட்டுமா வரைய வேண்டும்? மனத்தில் நிகழ்வதை வரையக் கூடாதா?" என்று கேட்டார்கள். வான் கோவின் வானம் சுழல்வது வானிலை அறிக்கையன்று. பார்த்தவர் நெஞ்சின் நிலை.

அதே தளத்தில் பால் செசான் வரைந்த "ஆப்பிள்கள்" படம் ஒன்று உண்டு. 1895-க்கும் 1898-க்கும் இடையில் தீட்டியது. ஒரு மேசை, கசங்கிய வெள்ளைத் துணி, சில பழங்கள், அவ்வளவே. பக்கத்து அறையில் கூட்டம் நெரிந்தபோது இதன் முன் எங்கள் இருவரைத் தவிர ஒரு மூதாட்டி மட்டுமே இருந்தார். நின்று நோக்கினேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. மேசையின் வலது மூலை நம்மை நோக்கிச் சரிகிறது; அது இடப்பக்கத்தோடு ஒரே நேர்க்கோட்டில் பொருந்தவில்லை. பழங்களின் விளிம்பு ஓரிடத்தில் நில்லாமல் நகர்வது போலிருக்கிறது. சில இடங்களில் வண்ணமே பூசவில்லை. ஓவியருக்கு வரையத் தெரியவில்லையா? அப்படியன்று. நாம் ஒரு மேசையைப் பார்க்கும்போது நம் தலை அசைகிறது, கண் அலைகிறது. ஒருமுறை மேலிருந்து பார்க்கிறோம், ஒருமுறை பக்கத்திலிருந்து பார்க்கிறோம். இப்படிப் பல பார்வைகளைச் சேர்த்தே "மேசை" என்று அறிகிறோம். அந்தப் பல பார்வைகளையும் ஒரே படத்தில் வைக்க முயன்றவர் செசான். இவ்வழியைப் பின்பற்றியே பிக்காஸோ போன்றோர் பிறகு ஒரே முகத்தை முன்னாலும் பக்கவாட்டிலும் ஒருசேரக் காட்டினார்கள்.

அந்த மேசையின் முன் நின்றபோது எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாகாது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒருநாள், ஓவிய ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் ஏழாம் வகுப்புக்கு அவர் பாடவேளையையும் நானே பார்த்துக்கொண்டேன். "கோயில் குளம்" வரையச் சொன்னேன். ஒரு சிறுவன் குளத்தை மேலிருந்து பார்ப்பது போலச் சதுரமாக வரைந்திருந்தான். நான்கு பக்கமும் படிகள். படிகளில் குளிப்பவர்களைப் பக்கவாட்டில் வரைந்திருந்தான். சுற்றிலும் இருந்த தென்னைமரங்கள் நான்கு திசைகளிலும் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தன. ஆசிரியப் பயிற்சியில் நான் படித்த தொலைநோக்கு விதி நினைவுக்கு வந்தது. சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டேன். பத்துக்கு இரண்டு மதிப்பெண். "நின்ற இடத்திலிருந்து பார்த்தால் குளம் இப்படியா தெரியும்?" என்று கேட்டேன். "நாலு பக்கப் படியும் தெரிய வேண்டாமா சார்?" என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்த வாரம் விதிப்படி வரைந்து வந்தான். இரண்டு பக்கப் படிகள் மறைந்திருந்தன. எட்டு மதிப்பெண் கொடுத்தேன்.

தொலைநோக்கு விதி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் உருவானது. அல்பெர்ட்டி என்பவர் 1435-இல் அதை நூலாக எழுதினார். அது அருமையான கண்டுபிடிப்பு, ஐயமில்லை. ஆனால் அது ஒரு வழி. ஒரே வழி அன்று. எகிப்து நாட்டில் நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஒரு தோட்டக் குளம் வரையப்பட்டுள்ளது. வயது மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் குளம் மேலிருந்து தெரியும் நீள்சதுரம். மீன்களும் வாத்துகளும் பக்கவாட்டில் தெரிகின்றன. மரங்கள் குளத்தைச் சுற்றி நிற்கின்றன. நம் நாட்டு இராஜஸ்தானச் சிற்றோவியங்களிலும் இந்த முறையைக் காணலாம். என் மாணவன் செய்தது பிழையன்று. உலகின் மிகப் பழைய முறைகளுள் ஒன்று. அவனை நான் செசான் என்று சொல்ல வரவில்லை. விதியைக் கற்பித்ததும் என் தவறன்று. அவன் எதைக் காட்ட விரும்பினான் என்று கேட்காமல் மையை எடுத்தேனே, அதுதான் தவறு. அவன் படத்தை நான் பார்த்தேன், காணவில்லை. அதன்பின் அவன் படத்தில் நான்கு பக்கப் படிகள் வரவே இல்லை.

பார்த்தும் காணாமற்போவது எவ்வளவு பரவலான பழக்கம் என்பதற்கு இந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஹென்றி மத்தீஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர் முதுமையில் நோயுற்றுத் தூரிகை பிடித்து நெடுநேரம் நிற்க இயலாத நிலையில், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். 1953-இல் செய்த ஒன்றுக்குப் "படகு" என்று பெயர். பாய்மரப் படகும் நீரில் தெரியும் அதன் நிழலும் மிகச் சில கோடுகளில் அமைந்தவை. மத்தீஸ் 1954-இல் காலமானார். 1961-ஆம் ஆண்டு அக்டோபரில் அவருடைய இறுதிக்காலப் படைப்புகளின் கண்காட்சி நியூயார்க்கில் இந்த அருங்காட்சியகத்தில் நடைபெற்றது. அதில் "படகு" தலைகீழாக மாட்டப்பட்டுவிட்டது. ஒருநாள், இரண்டு நாள் அல்ல. 47 நாட்கள் அப்படியே தொங்கிற்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கடந்து சென்றனர். ஓவியர்களும் விமரிசகர்களும் அவர்களுள் இருந்திருப்பர். எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இறுதியில் கண்டுபிடித்தவர் பங்குத் தரகுத் தொழில் செய்த ஒரு பெண்மணி. மத்தீஸ் போன்றவர் முழுமையான வடிவத்தைக் கீழேயும் எளிய நிழல் வடிவத்தை மேலேயும் வைத்திருக்க மாட்டாரே என்று அவருக்கு ஐயம் எழுந்தது. கண்காட்சி நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். காவலரிடம் சொன்னார், பயனில்லை. பத்திரிகைக்குத் தெரிவித்தார். பத்திரிகை அருங்காட்சியக அதிகாரியைக் கேட்டது. டிசம்பரில் படம் நிமிர்த்தி மாட்டப்பட்டது. இக்கதையைக் கூறி, "நவீன ஓவியமே இப்படித்தான், தலையும் தெரியாது காலும் தெரியாது" என்று நகைப்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது. படத்துக்குத் தலையும் காலும் இருந்தன. அவற்றை அறியப் பட்டமோ பதவியோ தேவைப்படவில்லை. ஐயப்பட்டு நின்று நோக்கும் இரண்டு கண்களே தேவைப்பட்டன. இலட்சம் பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்டார்.

ஆகவே, மாணவர்களே, நெரிசல் மிகுந்த கலைக்கூடத்துக்குப் போகும்போது என்ன செய்யலாம்? எங்கள் தோல்வியிலிருந்து நானும் பேரனும் கற்ற சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். விருந்தில் எல்லாப் பண்டங்களையும் உண்ண முயன்றவன் எதன் சுவையையும் அறியான். ஐந்தோ ஆறோ போதும். இரண்டாவது, படத்தின் அருகிலுள்ள பெயர்ச்சீட்டை முதலில் படிக்காதீர்கள். பெயரைப் படித்தவுடன் "இன்னதுதானா" என்று மனம் ஓய்ந்துவிடும். முதலில் கண்; பிறகு சீட்டு. மூன்றாவது, "இது என்ன?" என்று கேட்பதற்கு முன் "இதில் என்னென்ன இருக்கின்றன?" என்று கேளுங்கள். எத்தனை வண்ணங்கள், எந்த மூலை கனமாக இருக்கிறது, கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே போகிறது என்று எண்ணுங்கள். நான்காவது, தொலைவில் ஒருமுறை, அருகில் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை நின்று பாருங்கள். ஐந்தாவது, படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்டதை மனத்தில் மீண்டும் எழுதிப் பாருங்கள். விடுபட்டது எது என்று தெரியும். மறுபடி திரும்பிப் பாருங்கள். கைப்பேசியில் படமெடுப்பது குற்றமன்று. ஆனால் கண்ட பிறகு எடுங்கள், காண்பதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். முன்னே இடம் கிடைத்தால் சிறு பிள்ளைகளுக்கு வழிவிடுங்கள். நம் தோளுக்குப் பின்னாலும் ஒருவர் காத்திருக்கிறார்.

இவற்றைச் செய்தால் எல்லாப் படமும் பிடித்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ருஷ்ய ஓவியர் மலேவிச் 1918-இல் வரைந்த "வெள்ளையின் மேல் வெள்ளை" என்ற படமும் இந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. வெள்ளைச் சதுரத்துக்குள் சற்றே சாய்ந்த இன்னொரு வெள்ளைச் சதுரம். பத்து நிமிடம் நின்றேன். இரு வெள்ளைகளும் ஒரே வெள்ளையல்ல என்பதையும், உள்ளே இருக்கும் சதுரம் மிதப்பது போலிருப்பதையும் கண்டேன். அதற்குமேல் அது என்னோடு பேசவில்லை. அதனால் குறை ஒன்றுமில்லை. காணாமல் வெறுப்பது வேறு. கண்டபின் விலகுவது வேறு. பின்னதற்கு நமக்கு உரிமை உண்டு.

கால் வலித்தபோது மொனேயின் அல்லிக்குள ஓவியங்களின் முன் போட்டிருந்த பலகையில் அமர்ந்தோம். மூன்று பெரும் படங்கள் சேர்ந்து ஏறத்தாழ 42 அடி நீளம். கண்புரையால் பார்வை மங்கிய முதுமையிலும் விடாது தீட்டியவை. 1958 ஏப்ரலில் இந்த அருங்காட்சியகத்தில் நேர்ந்த தீவிபத்தில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அங்கிருந்த மொனேயின் பெரிய அல்லிக்குளப் படம் ஒன்றும் அழிந்துபோயிற்று. அதற்குப் பின் 1959-இல் வாங்கப்பட்டவை இவை. அந்த அறையிலும் கூட்டம் இருந்தது; ஆனால் அங்கு உட்கார்ந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கூட்டம் கலைக்குப் பகையன்று என்று அப்போது தோன்றிற்று. பகை நம் அவசரமே.

இதற்கெல்லாம் நியூயார்க் போக வேண்டும் என்று எண்ண வேண்டா. சென்னை எழும்பூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்கள் தாமே அமைத்துக்கொண்ட சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது; நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் அங்கே காணலாம். உங்கள் ஊர்க் கோயில் தூண் ஒன்றின்முன் பத்து நிமிடம் நின்றாலும் பயிற்சி தொடங்கிவிடும்.

அன்று மாலை வீடு திரும்பியதும் என் மகள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "என்னென்ன பார்த்தீர்கள்?" பேரன், "ஐந்து படம் அம்மா" என்றான். "நாள் முழுக்கப் போய் ஐந்து படம்தானா?" என்று அவள் வியந்தாள். அவன் பதில் சொல்லவில்லை. மேசைமேல் கிடந்த தாளையும் பென்சிலையும் எடுத்தான். இடப்பக்கம் நெளிந்து உயரும் மரம், நடுவில் கூரிய கோபுரம், வலப்பக்க மேல்மூலையில் பிறை. விண்மீன்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போட்டான். பதினொன்றாவதை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கைப்பேசி அவன் மேலங்கிப் பையிலேயே இருந்தது.